அணைக்குக் கீழே வாழ்வோரின் வரைபடம்: கந்தளாய் முதல் களனி வரை

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3 மணியளவில், திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. 8,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. சரியாக ஆறு நாட்களின் பின் செர்னோபில் அணு உலை வெடித்தது. உலகத்தின் கண்கள் அங்கே திரும்பின. நாட்டுக்குள்ளோ போர். சாவுச் செய்தி அன்றாடச் செய்தியாகிவிட்டிருந்த அக்காலத்தில், உறக்கத்திலேயே நீரில் அள்ளுண்டு போனவர்களின் கதை விரைவில் பின்பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போது நான் பாடசாலை மாணவன். பின்னர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, கொழும்பிலே செய்தி மேசையில் அமர்ந்து பல வெள்ளங்களைத் தலைப்பாக்கிய காலத்தில், கந்தளாயின் நினைவு திரும்பத் திரும்ப வந்தது. கட்டு ஏன் உடைந்தது என்ற கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு இணையான இன்னொரு கேள்வியும் உண்டு. கட்டு உடைந்தால் நீர் எவ்வழியே போகும், எத்தனை நிமிடத்தில் எந்த ஊரை அடையும், அங்கே எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும் என்பனவற்றை உடைவதற்கு முன்பே கணித்து வைத்திருப்பது யாருடைய கடமை? அணை உடைப்பைக் கணித்து, கீழ்நிலத்தின் வெள்ள வரைபடத்தை வரைவதற்கென்றே பொறியியலாளர்களை அமர்த்தும் வழக்கம் இன்று உலகெங்கும் உள்ளது. அந்த வழக்கம் எப்படித் தோன்றியது, அது நம்மை எவ்வளவு தூரம் வந்தடைந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கட்டைக் காத்த மரபு

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார் என்பதில் இரு மரபுகள் உண்டு. கவிராஜவரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, அதைக் குளக்கோட்டன் கோணேசர் ஆலயத்தின் தேவைக்காக அமைத்தான் என்கிறது. குளமும் கோட்டமும் கட்டியவன் என்பதே அவன் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். சூளவம்சத்தின் வழி நிற்போர், 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனுக்கு அதை உரித்தாக்குவர். பொலன்னறுவைக் காலத்தில் பராக்கிரமபாகு அதைத் திருத்தி விரிவாக்கியதாகவும் கூறுவர். உரிமை யாருக்காயினும், ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட அம்மண்கட்டு, நூற்றாண்டுகள் பல கடந்து நின்றது என்பதில் கருத்து வேறுபாடில்லை.

அப்படி நின்றதற்குக் கட்டிய திறம் மட்டுமே காரணமன்று. காத்த முறையும் காரணம். தமிழகத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு, 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்ற குழு இருந்ததைக் காட்டுகிறது. நம் கிழக்கிலும் வன்னியிலும் வட்டவிதானை என்ற பதவி இருந்தது. மாரி காலத்து இரவுகளில் குளக்கட்டின் மேல் நடந்து, எங்கே கசிகிறது, எங்கே மண் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதும், ஊரைத் திரட்டி அடைப்பதும் ஊர்க் கடமைகளாக இருந்தன. பிரித்தானியர் 1830களின் தொடக்கத்தில் இராஜகாரிய முறையை ஒழித்தபோது, கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே. ஆயினும் குளங்களைப் பேணிய கூட்டுழைப்பும் அதனோடு தளர்ந்தது என்பது நீர்ப்பாசன வரலாற்றை எழுதியோர் பலரின் முடிபு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய குளங்கள் பல மீளத் திருத்தப்பட்டன. அவற்றின் பொறுப்பு ஊரிடமிருந்து திணைக்களத்தின் கைக்கு மாறியது.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தமிழ்ப் பொறியியலாளர் பலர் பெரும் பணி ஆற்றியுள்ளனர். அவர்களுள் சண்முகம் ஆறுமுகம் 1969இல் வெளியிட்ட இலங்கை நீர்வளம் பற்றிய ஆங்கில நூல், நாட்டின் குளங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்த பெரும் தொகுப்பு. அதைப் புரட்டும் எவரும், ஒவ்வொரு குளத்தின் கட்டு நீளம், கொள்ளளவு, பாய்ச்சும் வயற்பரப்பு ஆகியவற்றைக் கண்டு வியப்பர். அந்தக் காலத்துப் பதிவுகளின் நோக்கம் அது. குளம் எவ்வளவு நிலத்தை வாழ வைக்கிறது என்பதே அன்றைய கணக்கு. அதே குளம் உடைந்தால் எவ்வளவு நிலத்தை மூழ்கடிக்கும் என்ற கணக்கு வேறு. அக்கணக்கு உலகின் பல நாடுகளிலும் அன்றுதான் பிறந்து கொண்டிருந்தது.

ஓர் இரவின் கணக்கு

கந்தளாய்க் குளம் நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 135 மில்லியன் கனமீற்றர் நீரைக் கொள்ளும். இந்த எண் நம்மைப் போன்ற கலைப்பட்டதாரிகளுக்கு எளிதில் விளங்குவதில்லை. கொழும்பு மாநகர சபையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். கந்தளாய்க் குளத்து நீர் முழுவதையும் அந்தப் பரப்பின் மேல் ஒரே சீராகப் பரப்பினால், வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் ஏறத்தாழ 12 அடி உயரத்துக்கு நீர் நிற்கும். அத்தனை நீரைத் தாங்கி நின்றது ஒரு மண்கட்டு. அதன் கீழே குடியேற்றத் திட்டத்து வீடுகளும் வயல்களும், அப்பால் தம்பலகாமம்.

உடைப்புக்கான காரணங்களுள் முதன்மையானதாகச் சொல்லப்பட்டது, கட்டின் மேலாக மிகக் கனமான வாகனங்கள் செலுத்தப்பட்டமை. மண் அணைகளின் பலவீனம் பற்றிப் பொறியியலாளர் கூறும் ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துக் கொள்ள வேண்டும். நீர் கட்டைத் தாண்டி வழிவதால் மட்டும் மண் அணை உடைவதில்லை. உள்ளே ஊறிச் செல்லும் நீர் மெல்ல மெல்ல மண்ணை அரித்து ஒரு குழாய் போல வழி அமைத்துக் கொள்ளும். அந்த வழி அகன்றதும் மேலேயுள்ள மண் இடிந்து விழும். இதற்கு மழையும் வேண்டியதில்லை, புயலும் வேண்டியதில்லை. கந்தளாய் உடைந்தது வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அன்று, சித்திரை மாதத்தில். வானத்தைப் பார்த்து வெள்ளத்தை எதிர்பார்க்கப் பழகிய மக்களுக்கு அந்த இரவு எந்த அறிகுறியையும் காட்டவில்லை.

அதிகாலை 3 மணி என்பது இந்தக் கதையில் ஒரு தற்செயலான விவரம் அல்ல. அணை உடைப்பில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை நீரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. எச்சரிக்கை கிடைத்த நேரமும், கிடைத்தபோது மக்கள் விழித்திருந்தார்களா என்பதும், எப்பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதுமே தீர்மானிக்கின்றன.

கணக்குப் பிறந்த கதை

நீர் எவ்வாறு ஓடும் என்பதைச் சமன்பாடுகளில் எழுதும் முயற்சி பழையது. பிரெஞ்சுப் பொறியியலாளர் சேன் வெனான் 1871இல் திறந்த கால்வாய்களில் நீரோட்டத்துக்கான சமன்பாடுகளை வகுத்தார். இன்றைக்கும் வெள்ளக் கணிப்பின் அடித்தளம் அவைதாம். 1892இல் ஜேர்மனியரான ரிட்டர், ஓர் அணை திடீரென மறைந்துவிட்டால் அதன் பின்னிருந்த நீர் எவ்வாறு முன்னோக்கிப் பாயும் என்ற கேள்விக்கு ஓர் எளிய தீர்வைக் கண்டார். ஆனால் உண்மையான பள்ளத்தாக்கு வளைந்தும் குறுகியும் விரிந்தும் செல்வது. கையால் போடும் கணக்கு அதற்குப் போதவில்லை.

அறிவு இருந்தும் கடமையாகாத அந்த நிலையை மாற்றியது பிரான்சின் மல்பாசே அணை. 1959ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு 9 மணிக்குப் பின் அது உடைந்தது. ஏறத்தாழ 20 நிமிடங்களில் நீர் பிரேஜூஸ் நகரை அடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் பிரான்ஸ் 1968இல் ஓர் ஆணை பிறப்பித்தது. 20 மீற்றருக்குக் குறையாத உயரமும் 15 மில்லியன் கனமீற்றருக்குக் குறையாத கொள்ளளவும் உடைய அணைகளுக்கு, உடைந்தால் மூழ்கும் நிலத்தைக் காட்டும் எச்சரிக்கைத் திட்டம் கட்டாயம் என்றது அந்த ஆணை. கந்தளாயின் கொள்ளளவு அந்த எல்லையைப் போல் 9 மடங்கு என்பதை வாசகர்கள் மனதிற்கொள்க.

மல்பாசே இன்னொரு வகையிலும் பயன்பட்டது. வெள்ளம் உயர்ந்து நின்ற அடையாளங்களைக் காவற்றுறையினர் பின்னர் அளந்து வைத்தனர். பள்ளத்தாக்கில் இருந்த மூன்று மின்மாற்றிகள் நீரில் அழிந்து மின்சாரம் நின்ற நேரங்களும் பதிவாகியிருந்தன. நீர் எந்த இடத்தை எத்தனை மணிக்கு அடைந்தது என்பதை அவை சொல்லின. இன்றும் புதிய கணினி நிரல் ஒன்றை ஆக்குவோர், அது சரியாகக் கணிக்கிறதா என்று சோதிப்பதற்கு அந்த அளவுகளையே எடுத்துக் கொள்கின்றனர். இறந்தவர்களின் ஊர், பிற ஊர்களைக் காக்கும் பாடமாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1976 ஜூன் 5ஆம் திகதி ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை, முதன்முறை நிரப்பப்படும்போதே உடைந்தது. அதுவும் மண் அணை. 90 மீற்றருக்கு மேல் உயரம். ஆனால் இறந்தோர் 11 பேர். அன்று காலையிலேயே கசிவு கண்டறியப்பட்டு, கீழேயுள்ள ஊர்களுக்குச் செய்தி போனது. நண்பகலுக்குச் சற்று முன் அணை சரிந்தபோது மக்கள் விழித்திருந்தனர். அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்க வானிலைச் சேவையின் டேனி பிரெட், அணை உடைப்பு வெள்ளத்தைக் கணினியில் கணிக்கும் நிரலை வெளியிட்டார். அது உலகின் பல நாடுகளிலும் பயன்பட்டது. 1979 ஆகஸ்ட் 11ஆம் திகதி குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, நிரல் இருந்தது; எச்சரிக்கை இருக்கவில்லை. பல அணை உடைப்புகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 1999இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட எச்சரிக்கை கிடைத்த இடங்களில் உயிரிழப்பு மிகப் பெரிதும் குறைகிறது என்பது அது கண்ட முடிவு.

அமர்த்தப்படும் பொறியியலாளர் என்ன செய்கிறார்?

ஓர் அணைக்குப் பொறுப்பான நிறுவனம் கேள்விப்பத்திரம் கோரி, ஆலோசகப் பொறியியலாளர்களை அமர்த்துகிறது. அவர்கள் முதலில் தீர்மானிப்பது, அணை எவ்வாறு உடையக்கூடும் என்பதை. பெருவெள்ளத்தில் நீர் மேலே வழிந்து உடைதல் ஒன்று. தெளிந்த வானத்தின் கீழ் உள்ளரிப்பினால் உடைதல் மற்றொன்று. உடைப்பு எவ்வளவு அகலம், அது முழுதாகத் திறக்க எவ்வளவு நேரம் என்பனவற்றைப் பழைய விபத்துகளின் அனுபவத்திலிருந்து எடுகோளாகக் கொள்கின்றனர். கொங்கிரீட் அணை திடீரெனச் சரியலாம். மண் அணை அரிபட்டு அகலச் சற்று நேரம் எடுக்கும்.

அடுத்தது நிலம். ஆற்றின் குறுக்குவெட்டு, கரைகளின் உயரம், வயல்வெளியின் சரிவு, பாலங்கள், வீதி அணைகள் எல்லாம் அளக்கப்பட வேண்டும். விமானத்திலிருந்து லேசர்க் கதிர் வீசி நிலமட்டத்தை அளக்கும் முறை இன்று உண்டு. நிலமட்டத்தில் நேரும் சிறு பிழையும் தட்டையான நாட்டில் பெரும் பிழையாகும். எந்தத் தெரு மூழ்கும், எந்தத் தெரு தப்பும் என்பதே மாறிவிடும். பிறகு கணினி, நொடிக்கு நொடி நீரை நகர்த்திப் பார்க்கிறது. இறுதியில் கையில் கிடைப்பது ஒரு வரைபடம். நீர் பரவும் எல்லை, ஒவ்வோர் இடத்திலும் ஆழம், வேகம், எல்லாவற்றிலும் முக்கியமாக முதல் நீர் வந்து சேரும் நேரம் ஆகியன அதில் இருக்கும்.

இந்த வரைபடத்தை வைத்துத்தான் அவசரகாலத் திட்டம் எழுதப்படுகிறது. யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், எந்தப் பாடசாலை மேட்டில் உள்ளது, எந்த வீதி முதலில் அறுபடும் என்பன அத்திட்டத்தின் உள்ளடக்கம். இந்தியா 2021இல் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன் வரையறைக்குள் வரும் ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயற்திட்டம் வேண்டும் எனவும், ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு 5 ஆண்டுகளுக்குள் அதைத் தயாரிக்க வேண்டும் எனவும் விதித்துள்ளது.

கணக்கு பொதுவானதாயினும், கணக்குப் போடுபவரை அமர்த்துவது யார் என்பதில் அரசியல் நுழைந்துவிடுகிறது. தமிழர் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு முல்லைப் பெரியாறு. பென்னிகுயிக் முயற்சியால் 1895இல் நிறைவுற்ற அந்த அணை இருப்பது கேரளத்தில். நீர் பாய்வது தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வயல்களுக்கு. அணை உடைந்தால் கீழேயுள்ள இடுக்கி வரைக்கும் என்ன நேரும் என்று கணிக்க, கேரள அரசு ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை அமர்த்தியது. தமிழ்நாடு அணை பலமாக உள்ளது என்று வாதாடியது. உச்ச நீதிமன்றம் அமைத்த, முன்னாள் தலைமை நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழுவும் அணை பாதுகாப்பானது என்றே கண்டது. 2014 மே 7ஆம் திகதித் தீர்ப்பு 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது.

இந்த வழக்கில் என் அனுதாபம் மதுரை வயல்களின் பக்கமே என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அணை பலமாக உள்ளதா என்பது ஒரு கேள்வி; உடைந்தால் என்ன நடக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்பது முதலாவதற்கு எதிரான வாதம் ஆகாது. உலகின் மிகப் பலமான அணைகளுக்கும் வெள்ள வரைபடம் வரையப்படுகிறது. வண்டப்பெரியாற்றிலே வாழும் தோட்டத் தொழிலாளர் பலரும் தமிழரே. அந்த வரைபடத்தை ஒரு மாநிலம் ஆயுதமாகவும் மற்றொரு மாநிலம் அவதூறாகவும் பார்க்கும்போது, அது யாருக்காக வரையப்பட்டதோ அவர்களுடைய கைக்கு வராமலே போய்விடுகிறது.

இலங்கையில்

கந்தளாய்க் கட்டு 1987இல் மீளக் கட்டப்பட்டது. அனர்த்தத்தின் பாடம் நாடளாவிய திட்டமாவதற்கோ மேலும் 20 ஆண்டுகள் சென்றன. 2008இல் உலக வங்கியின் ஏறத்தாழ 65 மில்லியன் டொலர் நிதியுடன், அணைப் பாதுகாப்பு மற்றும் நீர்வளத் திட்டமிடல் செயற்திட்டம் தொடங்கியது. 32 பெரிய அணைகளின் திருத்தம், மழைவீழ்ச்சியையும் நீர்மட்டத்தையும் அளக்கும் கருவிகளின் வலையமைப்பு ஆகியன அதன் முதன்மைப் பகுதிகள். இலங்கையில் அணைகளுக்கு ஒரே உரிமையாளர் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகார சபை, மின்சாரத் துறை, நீர் வழங்கல் சபை என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. ஓர் ஆற்றின் மேல் அணை ஒருவரிடம், கீழ் அணை மற்றொருவரிடம். நீர் இந்தப் பிரிவினைகளை அறியாது.

போர்க்காலத்தில் அணைகளைப் பற்றிய விவரங்களை இரகசியமாக வைத்ததற்குக் காரணம் சொல்ல முடிந்தது. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்ட விவகாரத்திலிருந்தே இறுதிக்கட்டப் போர் மூண்டது. போர் 2009இல் முடிந்த பின்னும் அந்த மறைக்கும் பழக்கம் போகவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சியில் வெள்ளம் புகுந்தது. கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்து, விசாரணையும் நடந்தது. அங்கே எதுவும் உடையவில்லை. கதவு திறப்பதற்கே கீழ்நிலத்து மக்களுக்கு நேரக்கணக்கு வேண்டியிருந்தது என்பதே அச்சம்பவம் உணர்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சூறையாடி 600க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அந்த வெள்ளத்தில் மாவிலாற்றின் அணைக்கரை உடைந்து, மூதூர்ப் பக்கத்துக் கிராமத்தவர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மலைநாட்டில் பெய்யும் மழையெல்லாம் மகாவலி வழியே இறுதியில் வந்து சேரும் இடம் அதுதான்.

கொழும்பிலிருந்து பார்த்தால்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவருக்கு அணை என்பது வன்னியிலும் கிழக்கிலும் உள்ள ஒன்று. வெள்ளவத்தையில் மழை பெய்தால் கால்வாய் நிரம்பும், காலி வீதியில் நீர் தேங்கும். அவ்வளவுதான் என்று எண்ணுகிறோம். ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து அதிகத் தூரமில்லாத கிராண்ட்பாஸில், நாகலகம் வீதியில் ஒரு நீர்மானி உண்டு. களனி கங்கையின் வெள்ளத்தைக் கொழும்பு அளப்பது அதைக் கொண்டுதான். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம், 9 அடி அபாய வெள்ளம், 12 அடிக்கு மேல் மிகக் கொடிய வெள்ளம். 1947 ஆகஸ்டில் 12 அடியைத் தாண்டியது. 1989 ஜூனில் 9 அடியையும், 2016 மே மாதத்தில் 7 அடியையும் தாண்டியது. 2016இல் நீர்மட்டச் செய்திக்காகக் காத்திருந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஓர் அங்குலம் ஏறினால் தலைப்பு மாறும். கொலன்னாவையில் இன்னும் பல வீடுகள் மூழ்கும். நகரைக் காத்து நிற்பது களனியின் வெள்ளத் தடுப்பு அணை. அதுவும் ஒரு மண்கட்டுத்தான்.

அந்த ஆற்றின் தலைப்பில் 1965இல் கட்டப்பட்ட காசல்ரீயும் 1969இல் கட்டப்பட்ட மவுசாக்கலையும் நிற்கின்றன. மவுசாக்கலை மட்டும் 100 மில்லியன் கனமீற்றருக்கு மேல் கொள்ளும். அதற்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோவில் வெளியே தெரிவதைப் பலரும் பார்த்திருப்பர். இந்த அணைகள் உடையும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. நீண்ட பள்ளத்தாக்கில் பயணம் செய்யும் வெள்ள அலை தூரம் செல்லச் செல்லத் தணியும் என்பதும் பொறியியலின் பாடம். ஆகவே கொழும்பில் வாழ்பவரைக் காட்டிலும், அணைகளை அடுத்துள்ள லக்சபான தோட்டத்து லயன்களிலும் கித்துல்கலையிலும் வாழ்பவருக்கே இந்தக் கணக்கு முதலில் வேண்டும். கொழும்பில் நாம் மணிக்கணக்கில் எண்ணலாம். அங்கே நிமிடங்களில் எண்ண வேண்டியிருக்கும்.

இங்கேதான் மொழியின் கேள்வி எழுகிறது. ஆலோசகர்கள் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அதிகாரிகள் சிங்களத்தில் பேசுகின்றனர். அணையின் அடியில் கொழுந்து பறிக்கும் பெண் தமிழில் கேட்கிறாள். தமிழ் 1987 முதல் ஆட்சி மொழி. டித்வாவின்போது எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததை மறக்க முடியாது. எத்தனை மில்லியன் செலவில் வரையப்பட்டாலும், மூழ்கப் போகும் வீட்டுக்காரர் படிக்க முடியாத வரைபடத்தால் அவருக்கு என்ன பயன்? வரைபடத்தை வெளியிட்டால் பீதி பரவும், காணி விலை விழும் என்று சில அதிகாரிகள் என்னிடம் சொன்னதுண்டு. சுனாமி எங்கே வரும் என்று கரையோரமெங்கும் பலகை நட்டிருக்கிறோம். அதனால் யாரும் பீதியடைந்து கடற்கரையை விட்டு ஓடிவிடவில்லை.

வாசகர்கள் செய்யக் கூடியவை இரண்டு. இலங்கையில் வாழ்வோர், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் எளிய விண்ணப்பம் எழுதலாம். எங்கள் ஊருக்கு மேலேயுள்ள அணைக்கு உடைப்பு ஆய்வு செய்யப்பட்டுள்ளதா, செய்யப்பட்டிருந்தால் எங்கள் ஊரை நீர் எத்தனை நிமிடத்தில் அடையும் என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் கேளுங்கள். பேராதனையிலும் கட்டுபெத்தையிலும் படித்து லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று பரவியிருக்கும் பொறியியலாளர்களே, உங்களில் சிலர் அந்த நாடுகளின் அணைகளுக்கு இதே கணக்கைப் போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நம் ஊர்க் குளங்களில் ஒன்றை எடுத்து, ஒரு பக்க வரைபடமாக, பாடசாலைச் சுவரில் ஒட்டக்கூடிய தமிழில் ஆக்கித் தாருங்கள். கட்டைக் காக்கும் பொறுப்பு இன்று திணைக்களத்தினுடையது. ஓட வேண்டிய திசையை அறிந்து வைத்திருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கந்தளாயில் இறந்தவர்களுள் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் எத்தனை பேர் என்ற கணக்கை அக்காலத்தில் சிலர் கேட்டனர். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. கட்டு உடைந்த கணத்துக்கும் முதல் வீட்டில் நீர் புகுந்த கணத்துக்கும் இடையே எத்தனை நிமிடங்கள் இருந்தன என்ற கணக்கே, இனி அணைக்குக் கீழே உறங்கப் போகிறவர்களுக்குத் தேவைப்படுவது.